நாய்ச் சாப்பு

காலை ஐந்தேகால் மணிக்கு அது தொடங்கியது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்து, ரப்பர்ப் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தங்கள் தங்கள் மர நிரைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகத் துரையே வந்து நின்றார். ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி லாந்தரை உயர்த்திப் பிடித்தபடி, துரை ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னார். இன்று முதல் அம்மைப்பால் வைத்துக்கொண்டு வலது கையில் சாப்புக் குத்திக்கொள்ளாதவர்கள் தோட்டத்துக் கடையில் அரிசி வாங்கக்கூடாது. கேட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது. சாப்பு இல்லாத வெளியாள் உள்ளே வரவும் கூடாது. கோழி, முட்டை, கீரை என்று ஒருவருக்கொருவர் எதையும் விற்கவும் கூடாது.

"விற்கவும் கூடாது" என்ற இடத்தில் என் மகள் தலையை நிமிர்த்தினாள்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். தாய்மார் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகுமுன் பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். அதனால் பெரட்டு நேரத்தில் களத்தின் ஓரத்தில் நிற்பாள். இடுப்பில் ஒன்று, பாவாடையைப் பிடித்தபடி இன்னும் சில. அவள் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். என் முகத்தை அல்ல. என் வலது மணிக்கட்டில் இருந்த ஊதா நிறச் சாப்பைப் பார்த்தாள். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முந்தின நாள் மாலை துரைக்கு முன்னால் நானே எனக்குக் குத்திக்கொண்டது.

நான் அந்தத் தோட்டத்து டிரெசர். ஜோகூரில், யோங் பெங்கிலிருந்து சாஆ போகும் வழியில், சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே இருந்த ரப்பர்த் தோட்டம் அது. நான்கு கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரி, ஒரு மருந்து அலமாரி, நான். பெரிய டாக்டர் சிகாமட்டிலிருந்து எப்போதாவது வருவார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் படித்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் ஜெபம் நடத்துகிறவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஆனாலும் ஆட்கள் என்னைத் தங்களுக்குள் "குத்துற ஐயா" என்றுதான் சொல்வார்கள்.

சாப்பு என்றால் எங்கள் பக்கத்தில் முத்திரைக்கும் அதுதான் பேர், கடைச் சாமான் மேல் இருக்கும் குறிக்கும் அதுதான் பேர். மலாய்க்காரரிடமிருந்து எங்கள் வாய்க்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல். லயத்தில் வைசூரி கண்டதும் நாங்கள் முதலில் பால் வைத்தவர்களுக்குக் காகிதத் துண்டுதான் கொடுத்தோம். அதை மழையில் நனைத்தார்கள், புகையிலை சுற்றினார்கள், பால் வைக்கப் பயந்த மச்சானுக்கு இரவல் கொடுத்தார்கள். பால் வைத்த தழும்பு தெரியப் பல நாள் ஆகும். அதுவரை யார் வைத்துக்கொண்டார், யார் வைத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துரை யோசித்து, புகைக்கூடத்தில் ரப்பர்ப் பெட்டிகள் மேல் குத்தும் மரச் சாப்பையே கொண்டுவரச் சொன்னார். அந்த மை எளிதில் போகாது. பால் இடது கையில் வைப்பதால் அது வீங்கி நோகும். ஆகவே சாப்பு வலது மணிக்கட்டில். இதில் வேறு எந்த எண்ணமும் யாருக்கும் இருக்கவில்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்தச் சாப்பில் இருந்தது என்ன மிருகம் என்பதுதான் தொல்லை. கம்பெனி முதலாளியின் குடும்பக் கேடயத்திலிருந்து எடுத்தது, சிங்க உடம்பும் கழுகுத் தலையும் உள்ளது என்று துரை ஒருமுறை சொல்லியிருந்தார். வருடக்கணக்காகப் பெட்டிகளில் அடித்து அடித்து அலகு தேய்ந்துவிட்டது. சிறகில், அதாவது செட்டையில், ஒரு மொட்டைக் கட்டைதான் மிச்சம். ஆட்கள் அதை நாய் என்றார்கள். யோங் பெங்கில் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயும் அதே பேரைத்தான் சொல்வான்: நாய்ச் சாப்பு ரப்பர். சில பேர் புலி என்றார்கள். கோயில் தூணில் பார்த்த யாளி இதுதான் என்று ஒரு கிழவர் அடித்துச் சொன்னார்.

இதெல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் உபதேசியார் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் படத்தோடு வந்துபோயிருந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தோட்டம் தோட்டமாக நடந்து போய்ப் பிரசங்கம் பண்ணுகிறவர். குடையும் சுருட்டிய துணிப் படமும்தான் அவருடைய சொத்து. படத்தை எங்கள் விறாந்தைச் சுவரில் தொங்கவிட்டார். கிறிஸ்தவ வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் வருகிற, உலக முடிவைச் சொல்லும் காட்சிகள். ஏழு தலையும் பத்துக் கொம்புமாகக் கடலிலிருந்து ஏறிவரும் மிருகம். பூமியிலிருந்து கிளம்பி, வாயால் வலுசர்ப்பம்போலப் பேசும் இன்னொரு மிருகம். தண்ணீர்கள் நடுவே சிவப்பு மிருகத்தின் மேல் பொற்கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும், பாபிலோன் பட்டணத்தைக் குறிக்கும் பெண். இரண்டாம் மிருகம் பெரியவர் சிறியவர் எல்லோரையும் வலது கையிலோ நெற்றியிலோ முதலாம் மிருகத்தின் முத்திரையை வாங்கவைக்கும், அது இல்லாதவனால் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது என்பதை அவர் கோலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

பெண் உட்கார்ந்திருக்கும் தண்ணீர் எது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கப்பல்கள், பட்டு, வாசனைச் சரக்கு, பொன், மனித உடல்கள் வரை விற்கும் பட்டணம் என்று உபதேசியார் படித்துக் காட்டியதும், அப்படியானால் சிங்கப்பூர்தான் என்று இரண்டு மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப என்ர தங்கச்சி பாபிலோனிலயோ குடியிருக்கிறாள்? போன கிழமையும் கருவாடு அனுப்பினவள்."

எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். என் மகள் மட்டும் படத்துக்குக் கிட்டப் போய் நின்று, மிருகத்தின் கால்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கரடியின் கால்கள் என்று எழுதியிருக்கிறது, வரைந்தவன் நாயின் கால்களைப் போட்டிருக்கிறான் என்று அன்று இரவு சாப்பிடும்போது சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரட்டு முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இனிக் கடை அரிசி தனக்கு வேண்டாம் என்றாள்.

"அப்பா, உங்கட கையில இருக்கிறது என்ன எண்டு தெரியுமோ?"

பெட்டிக்குக் குத்துகிற மை என்றேன்.

"மை எண்டு எனக்கும் தெரியும். என்ன மிருகம் எண்டு கேக்கிறன்."

நாய் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன்.

"நாய்க்கு ஆர் செட்டை வைச்சது?"

இந்த வீட்டில் வேதத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவன் நான்தான். அன்றைக்கு நான் சட்டைக் கையை இறக்கிச் சாப்பை மூடிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரெசரின் பிள்ளைக்கு ஏன் முன்பே பால் வைக்கவில்லை என்று யாரும் கேட்கலாம். வைத்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை, பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறை. இரண்டு முறையும் கொப்புளம் எழும்பவில்லை. சிலருக்கு அப்படி ஆகும். பால் பழசாக இருந்தாலும் ஆகும். அவள் கையில் ஒரு புள்ளித் தழும்புகூடக் கிடையாது. அதையே அவள் இப்போது எனக்கு எதிராகத் திருப்பினாள். இரண்டு முறை தன் கை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, யார் அப்படிச் சொல்லவைத்தது என்று கேட்டாள்.

அடுத்த நாள் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தை ஒன்றை ஒதுக்குக் கொட்டகைக்குத் தூக்கிப் போனோம். நெற்றியிலும் முன்கையிலும் முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. எந்தச் சந்தேகமும் இல்லை, வைசூரிதான். அந்தக் குழந்தைக்கு என் மகளின் மடியில் படுத்தால்தான் தூக்கம் வரும். காய்ச்சல் தொடங்கிய பிறகும் அவள் மடியில்தான் கிடந்திருக்கிறது.

நோய் ஒட்டின பிறகும், ஓரிரண்டு நாளுக்குள் பால் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். பிந்தினால் ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் புத்தகத்தில் படித்ததோடு அல்லாமல் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் கிடந்தவர்களின் முகங்களைத் தினமும் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, உடுப்பை மாற்றி, என் மகளின் முகத்தைப் பார்ப்பேன். அதில் எந்த இடத்தில் முதல் முத்து வரும் என்று என் கண் தானாகவே தேடும்.

ஆகையால் நான் பேரம் பேசினேன். வேறு வார்த்தை இல்லை. சாப்பு வேண்டாம், பால் மட்டும் வைத்துக்கொள் என்றேன். துரையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ கடைக்கும் போக வேண்டாம், கேட்டுக்கும் போக வேண்டாம்.

"மற்றப் பிள்ளையளுக்கு நீங்கள் குத்துவியள். உங்கட பிள்ளைக்கு மட்டும் குத்தமாட்டியள். அப்படியோ?"

பால் வைப்பது இடது கையில்தானே, வேதம் வலது கை என்றுதானே சொல்கிறது என்றேன். உடனே அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியை இடது கையில் உயர்த்திக் காட்டினாள். அவள் இடது கைக்காரி. கிழங்கு உரிப்பது, எழுதுவது, தைப்பது எல்லாம் அந்தக் கைதான். பள்ளியில் பிரம்படி வாங்கியும் மாறவில்லை.

"வலம் எண்டால் வலிமை எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். எனக்கு வலிமையான கை இதுதான். என்ர வலக்கை எது, அப்பா?"

நான் அசந்துபோனேன். இதைப் பிடிவாதம் என்று தள்ள முடியவில்லை. அவள் கண்ணில் பயம் இருந்தது. நோய்க்குப் பயந்தவள் அல்ல. தான் ஒரு தவறான பக்கத்தில் கையை நீட்டிவிடுவோமோ என்று பயந்தாள். போதாததற்கு, தமிழில் கை என்றால் விரலிலிருந்து தோள் வரைக்கும் கை. ஊசி படுகிற இடம் மேற்கை, சாப்புப் படுகிற இடம் மணிக்கட்டு என்று நான் பிரித்துச் சொன்னால், வேதத்தில் அப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறதா என்று கேட்டாள். போட்டிருக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நேரத்தில் நான் அந்தக் கடைசிப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். என் தைரியத்துக்காகப் படித்தேன். இருந்த தைரியமும் போனது. தேவனுடைய ஊழியக்காரர்களின் நெற்றியில் போடுவதும் முத்திரை. மிருகத்தின் ஆட்கள் வாங்குவதும் முத்திரை. ஒரே சொல். அங்கே போட்டவர்கள் தப்புகிறார்கள், இங்கே போட்டவர்கள் அழிகிறார்கள். ஊழியக்காரருக்கு முத்திரை போட்டு முடியும்வரை மரங்களுக்குச் சேதம் செய்யாதே என்று தூதர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிற இடமும் கண்ணில் பட்டது. நாள்தோறும் விடியுமுன் மரத்தை வெட்டியே சோறு தின்னும் ஊரில் உட்கார்ந்து அதைப் படிக்க எனக்கு என்னவோபோல் இருந்தது. எத்தனையோ வருடமாகப் படித்த புத்தகம்தான். ஒருமுறையும் அது என் மேசையை, என் ஊசியை, என் மணிக்கட்டைப் பார்த்துப் பேசியதில்லை.

பிறகு அலமாரியிலிருந்து ஆங்கில வேதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டுக்கும் இரண்டு சொல். தேவனுடையது சீல், மிருகத்தினுடையது மார்க். எனக்கு உயிர் வந்தது. ஓடாத குறையாக வீட்டுக்கு வந்து இரண்டு புத்தகத்தையும் அவள் முன்னால் விரித்து வைத்தேன். பார், இரண்டும் வேறு வேறு, தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் என்றேன்.

அவள் இரண்டையும் மாறி மாறி நிதானமாகப் படித்தாள்.

"சரி, ரெண்டும் வேற. அப்ப துரை சொன்னது எது? சீலோ, மார்க்கோ?"

துரை பெரட்டுக் களத்தில் மார்க் என்றுதான் சொன்னார். கிராணி அதைச் சாப்பு என்று மாற்றினார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். மகளிடம் அதைச் சொல்லவில்லை. நான் ஆங்கிலப் புத்தகத்தை மூடியதே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

அடுப்படியிலிருந்து என் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கும்படியாக மட்டும், ரகசியமாக, தான் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதாகவும் நான் வைத்துவிடும்படியும் சொன்னாள். லயத்தில் எத்தனை பேரைப் பிடித்து வைத்திருப்பீர்கள் என்றாள். உண்மைதான். கத்துகிற பிள்ளைகளை, கடிக்கிற ஆண்களை எல்லாம் பிடித்து வைத்திருக்கிறேன். ஆனால் கட்டாயப்படுத்தி ஒரு கையில் குறி வைப்பது என்றதும் படத்தில் இருந்த அந்த இரண்டாம் மிருகம் நினைவுக்கு வந்தது. முடியாது என்றேன். ஏன் முடியாது என்று என்னால் அவளுக்கு விளக்க முடியவில்லை. என் மனைவி அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இதற்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. வேதம் தெரிந்தவர்கள் நாங்கள் சில குடும்பம்தான். மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கு ஏழு தலை மிருகமும் தெரியாது, பாபிலோனும் தெரியாது. டிரெசர் மகளே போட்டுக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பால் வைக்க வந்த வரிசை பாதியாகக் குறைந்தது. பயத்தை மறைக்கிற கங்காணி ஒருவர், கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்று என்னைக் கிண்டல் பண்ணினார்.

"மரத்துலேருந்து நாங்க பால் எடுக்கிறோம், நீங்க எங்களுக்குப் பால் வைக்கிறீங்க. நாளைக்கு எங்க கையில கோப்பையைக் கட்டிவிட்றாதீங்க, ஐயா."

வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற ஒரு பெண் சிரிக்கவில்லை. கொட்டகையில் கிடந்த குழந்தையின் தாய் அவள். ஆத்தா வந்தால் வந்துவிட்டுப் போகிறாள், ஆனால் டீச்சரம்மா போட்டுக்கொண்டால் தன் மற்றப் பிள்ளைகளுக்கும் போட்டுவிடுகிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, உங்கள் வீட்டைச் சரி பண்ணுங்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார். நான் எதற்குப் பயந்தேன் என்றே எனக்குத் தெளிவில்லாமல் போனது: துரைக்கா, வைசூரிக்கா, அந்தப் புத்தகத்துக்கா.

பெரிய சண்டை, அந்த முதல் உலக யுத்தம், நடந்த காலத்தில், ஜோகூர் பாருவில் நான் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, ஜெபக் கூட்டங்களில் மிருகம் யார் என்று பேசாத வாரம் கிடையாது. ஒரு சக்கரவர்த்தியின் பேரைச் சொன்னார்கள். சண்டை முடிந்ததும் வேறொரு ராஜ்யத்தின் பேரைச் சொன்னார்கள். ரப்பர் விலை விழுந்தபோது வட்டிக் கடைகளைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் சொன்னவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மிருகம் செத்துவிட்டது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. அந்தப் பேச்சு மட்டும் நின்றுவிடும். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். அப்போது மிருகம் எங்கேயோ தூரத்தில், கடலுக்கு அப்பால் இருந்தது. மரியாதையான தூரம். இப்போது அது என் மேசை இழுப்பறையில் மைப் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அது வெறும் மரத்துண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை எடுக்கும்போது என் விரல் தயங்கியது.

அவள் சொன்னாள்: உபதேசியார் வந்து சொல்லட்டும், அவர் இது அது இல்லை என்று சொன்னால் நான் கையைத் தருகிறேன். நான் உடனே ரப்பர்ப் பால் லாரி ஓட்டுகிறவரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் சாப்புக் குத்திக்கொண்டவர், வெளியே போகலாம். உபதேசியார் யோங் பெங் பக்கத்துத் தோட்டமொன்றில் இருப்பதாகக் கேள்வி. என் மகளுக்கு அவர் உடனே வேண்டும், உயிர் போகிற காரியம் என்று சொல்லச் சொன்னேன்.

காத்திருந்த அந்த நேரத்தைப் பற்றி ஒழுங்காக எழுத வரவில்லை. அவள் பிள்ளைகளை விறாந்தையில் வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். கொட்டகைக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். சாப்பு இல்லாதவர்களைக் காவல்காரன் கொட்டகைக்குள் விடமாட்டான். குழந்தை டீச்சரைக் கேட்டு அழுகிறது என்று அந்தத் தாய் வந்து சொன்னபோது என் மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்று, அவளுக்குத் தலையிடி இருக்கிறதா, முதுகு நோகிறதா என்று கதவு வழியாகக் கேட்டேன். இல்லை என்றாள். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

லாரிக்காரர் திரும்பி வந்து, ஆளைக் கண்டேன், சொன்னேன், வருகிறேன் என்றார் என்று சொன்னார். ஏன் லாரியிலேயே ஏற்றி வரவில்லை என்று கேட்டால், ஒரு சாவு வீட்டில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார், முடித்துவிட்டு நடந்து வருவதாகச் சொன்னார் என்றார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை குழம்பாகிவிடும். அவர் வந்தாலும் கேட்டைத் தாண்ட முடியாதே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியாள், சாப்பு இல்லாதவர். துரையிடம் அனுமதி வாங்கப் போனால் அவர் சிகாமட்டுக்குப் போயிருந்தார். கேட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருவர் ஊசியும் புகைக்கூடத்து இன்னொரு சாப்புமாக உட்கார்ந்திருந்தார். அவரும் என் சொல்லைக் கேட்கக்கூடியவர் அல்லர். வீட்டுக்குத் திரும்பி, கேட்டுக்குப் போகலாமா, பிள்ளையோடு இருக்கலாமா என்று தீர்மானிக்க முடியாமல் நடுவிறாந்தையில் குடையை விரித்தபடி நின்றேன். வீட்டுக்குள் குடை விரிக்காதேயுங்கோ என்று என் மனைவி அதட்டினாள். அதுவரை பேசாமல் இருந்தவள் பேசியதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

மழை விட்ட கையோடு உபதேசியார் வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. படச் சுருளைக் காணவில்லை. கேட்டில் காவல்காரன் விரித்துப் பார்த்து மிரண்டுபோய்ப் பிடுங்கி வைத்துக்கொண்டான் என்றார். படிக்கட்டில் கால் கழுவினார். என் மனைவி துவாலை கொடுத்தாள். அதை வாங்க அவர் நீட்டிய வலது கையில், மணிக்கட்டில், மை இன்னும் காயாமல், நாய்ச் சாப்பு இருந்தது. சட்டையின் இடது கை தோள் வரை மடித்துவிட்டிருந்தது.

கதவருகில் நின்ற என் மகள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இவர் வந்து இது அது இல்லை என்று சொல்வார் என்று நம்பியிருந்தேன். இவரே அதைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இனி இவர் எதைச் சொன்னால் என்ன என்று எனக்குள் ஏதோ இற்று விழுந்தது.

"உபதேசியார், நீங்களுமோ?" என்று அவள் கேட்டாள்.

அவர் கையைத் திருப்பி, தான் இப்போதுதான் அதைக் கவனிப்பதுபோலப் பார்த்தார். விறாந்தை வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"இது இல்லாம உள்ள விடமாட்டேன்னுட்டாங்க, பாப்பா. நீ எனக்காகப் பால் வெச்சுக்காம உக்காந்திருக்கேன்னு லாரிக்காரர் சொன்னாரு. அங்கேயே நின்னு யோசிச்சேன். நல்லா நனைஞ்சேன். அப்புறம் கையை நீட்டிட்டேன்."

இது அந்த முத்திரையா, இல்லையா என்று அவள் கேட்டாள். அவர் சொல்வார் என்று நாங்கள் மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தனக்குத் தெரியவில்லை என்றார். படம் கொடுத்தவர்கள் படத்தைத்தான் கொடுத்தார்கள், எது எது என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்கிறவர்கள்தான் சொல்லிக்கொள்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு வெட்கத்தோடு சேற்றுக் காலைப் பார்த்தார்.

பிறகு என் மகள் வந்து அதே வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசை மேல் கையை வைத்தாள். நான் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினேன். ஊசியை அதில் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே கேட்டாள்.

"இது அதுவாயிருந்தால் என்ன செய்யிறது?"

உபதேசியார் சொன்னார்: "அதுவா இருந்தா, அங்க, ஆண்டவர் முன்னால, ரெண்டு பேரும் சேர்ந்தே போய் நிப்போம், பாப்பா. நான்தான் முதல்ல குத்திக்கிட்டேன்னு நான் சொல்லிக்கிறேன்."